சுவீகாரம் என்று எழுதிவிட்டேன்

1. முதல் நாள்

தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடம் பருத்தித்துறையில் வழக்குரைக்கிற ஒரு பிரக்கிராசியாரின் கந்தோரில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். நாடு முழுக்க மொழியைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மொழியால் ஒரு கதிரையும் மேசையும் கிடைத்தன. காணி உறுதி, மரணசாதனம் என்கிற உயில், பிறப்புப் பத்திரம் என்று வருவதையெல்லாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்ற வேண்டும். அடியில் ‘இது சரியான மொழிபெயர்ப்பு’ என்று எழுதிக் கையெழுத்து வைத்து முத்திரை குத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் ஒரு பிறப்புப் பத்திரத்தைத் தந்தார்கள். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நான் இரக்கப்பட்டு ‘அறியப்படவில்லை’ என்று போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அறியப்படேல்லை எண்டு உமக்கு ஆர் சொன்னது?”

“அந்த இடம் வெறுமையாய்க் கிடக்குது ஐயா.”

“வெறுமையாய்க் கிடந்தால் வெறுமையாய் விடும். தாளிலை இருக்கிறதுதான் உம்மடை வேலை. உம்மடை வாயை அதுக்குள்ளை விடாதையும்.”

இந்தப் புத்தியைப் பதினெட்டு வருடத்துக்கு மேல் காப்பாற்றினேன். பிறகு ஒரு துருக்கிக் கடிதம் வந்தது.

2. மூன்று வினைச்சொற்களும் ஒரு அகராதியும்

கடிதத்தைக் கொண்டுவந்தவள் நாகேஸ்வரி. முப்பது வயதிருக்கும். பருத்தித்துறையில் தையல் மெசின் ஒன்றை வைத்துக்கொண்டு சீவித்து வந்தாள். பிள்ளைகள் இல்லை. புருசன் நடராசா வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். இஸ்மிர் என்ற துருக்கித் துறைமுகத்தில் கப்பலின் கீழ்த்தட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. கால் சுகமான பின்பும் அவன் ஊருக்கு வரவில்லை. நாலு வருடம் அங்கேயே இருந்து ஈரல் கெட்டுச் செங்கமாரி வந்து செத்துப்போனான். சாவுத் தந்தி வந்து எட்டு மாதத்துக்குப் பிறகு இந்தக் கடிதம் வந்திருந்தது. உள்ளே ஒரு சின்னப் பெண்பிள்ளையின் படமும் இருந்தது.

“உது ஆற்றை பிள்ளை எண்டு கடிதம் படிக்கத் தேவையில்லை ஐயா,” என்றாள் நாகேஸ்வரி. “காதைப் பாருங்கோ. அவரின்ரை காது. மிச்சத்தை நீங்கள் படிச்சுச் சொல்லுங்கோ.”

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

துருக்கி முஸ்லிம் நாடுதானே என்று யாரோ சொல்ல, என்னிடம் வருவதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் ஒரு மௌலவியிடம் கடிதத்தைக் காட்டியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டு, “பிள்ளை, இது அரபு இல்லை, இங்கிலீசு எழுத்தெல்லோ,” என்று திருப்பித் தந்தாராம். எழுத்து இங்கிலீசு, பாசை துருக்கி. எனக்கும் துருக்கி தெரியாது. ஆனால் என்னிடம் ஒரு துருக்கி–ஆங்கிலக் கையகராதி இருந்தது. குருநகர் அந்தோனிப்பிள்ளை, கப்பலில் சமையல் வேலை செய்பவர், ஒருமுறை விடுமுறையில் வந்தபோது எனக்குத் தந்தது. அவர் அப்போது கடலில் இருந்தார். இல்லாவிட்டால் அவரிடமே அனுப்பியிருப்பேன். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருக்க வேண்டும். அகராதி கையில் இருக்கும்போது அது வாயில் வருகிறதில்லை.

கடிதத்தைப் புத்தூரில் இருந்த என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விறாந்தையில் இருந்து சொல்லுச் சொல்லாகத் தேடினேன். நான் கேட்ட நேரமெல்லாம் சாந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சாந்தி யாரென்று சொல்ல வேண்டும். பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில், மலைநாட்டுத் தோட்டங்களில் சனம் பட்டினி கிடந்தபோது, ஒரு தரகர் மூலம் எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை. வரும்போது ஒன்பது வயது. அவளுடைய பெயர் மாரியாயி. என் மனைவிக்கு அது வாய்க்குள் வரவில்லை என்று சாந்தி ஆக்கினோம். “நாங்கள் எடுத்து வளக்கிற பிள்ளை,” என்று மனைவி எல்லோரிடமும் சொல்லுவாள். அரிசிக் கூப்பன் புத்தகத்தில் அவள் பெயரைச் சேர்க்க, தோட்டத்தில் இருந்த அவள் தகப்பனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. உறவு என்ற இடத்தில் ‘வளர்ப்பு மகள்’ என்று என் கையாலேயே எழுதி, மொழிபெயர்ப்பாளர் முத்திரையையும் குத்தி அனுப்பினேன்.

கடிதத்தை எழுதியவள் பிள்ளையின் தாயான துருக்கிப் பெண்ணின் தமக்கை. அவளுக்காகப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எழுதியிருந்தார். தங்கையும் போன மாரியில் இறந்துவிட்டாள், பிள்ளைக்கு மூன்று வயது, எனக்கே ஐந்து பிள்ளைகள் என்று ஒருமாதிரிப் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வசனம்: ‘என் ஐந்து வயதுக் கடைசி மகள் இவளைப் பெனிம்ஸெமெக் செய்துவிட்டாள்.’ அகராதியைப் பார்த்தால் பெனிம்ஸெமெக் என்பதற்கு அடொப்ட் என்று கிடந்தது. ஐந்து வயதுப் பிள்ளை மூன்று வயதுப் பிள்ளையை எப்படித் தத்தெடுக்கும்? எனக்குச் சிரிப்பு வந்தது. தன் சொந்தமாக ஏற்றுக்கொண்டாள் என்று திருத்தி எழுதினேன். அகராதியில் வேறொரு பக்கத்தில் எவ்லாத் எதின்மெக் என்று இன்னொன்று, பிள்ளை ஆக்கிக்கொள்வது. அதற்கும் அடொப்ட். துருக்கிக்காரன் வேறு வேறாக வைத்திருந்ததை அகராதிக்காரன் ஒரே பானைக்குள் போட்டிருந்தான். அதைக் கண்ட இடத்திலேயே நான் பயந்திருக்க வேண்டும்.

முக்கியமான வசனங்கள் கடைசி இரண்டும். முதலாவதில் சாஹிப்லென்மெக் என்ற வினை. அது அகராதியில் இல்லை. சாஹிப் என்றால் உரிமையாளன் என்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ‘நீங்கள் அவள்மேல் உரிமை கோருகிறீர்களா?’ என்று போட்டேன். கோட்டுக் கச்சேரிப் பாசை என் கையோடு ஊறிப்போனது. இரண்டாவது வசனத்தில் எவ்லாத்லிக் கொடுப்பது என்று இருந்தது. எவ்லாத்லிக்குக்கு அகராதியில் அடொப்டட் சைல்ட். கூடவே மெஜ்பூர் என்று ஒரு சொல். அதற்கு பவுண்ட், கட்டுப்பட்டது என்று பொருள். பவுண்ட் டு கிவ் என்றால் கட்டாயம் கொடுப்போம். ஆக, ‘இல்லையென்றால் நாங்கள் கட்டாயம் சுவீகாரம் கொடுப்போம்.’

எழுதி முடித்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். வடிவாக இருந்தது.

3. சம்மதம்

திங்கட்கிழமை நாகேஸ்வரி கந்தோருக்கு ஒரு காகிதப் பொதியுடன் வந்தாள். உள்ளே இரண்டு சட்டைகள், மூன்று வயதுப் பிள்ளைக்கு அளவாய். ஒன்றில் சின்னச் சின்ன மஞ்சள் பூ.

“படத்தைப் பாத்து அளவு எடுத்தனான்,” என்றாள். “கடிதத்திலை என்ன இருந்தாலும் நான் பிள்ளையை எடுக்கிறதெண்டுதான் வந்தனான் ஐயா. அண்ணை கத்துறார். செத்தவன்ரை வைப்பாட்டி பிள்ளையை வைச்சு வளக்கப்போறியோ எண்டு கேக்கிறார். கேக்கட்டும்.”

நான் மொழிபெயர்ப்பை வாசித்தேன். கடைசி வசனத்தில் அவள் கையை உயர்த்தினாள்.

“சுவீகாரம் எண்டால், சட்டப்படியோ?”

“ஓம்.”

“பேர் குடுப்பினமோ?”

“குடுக்காமல்? சுவீகாரம் எண்டால் சொந்தப் பிள்ளைதான், பிள்ளை. பேர், பள்ளிக்கூடம், சொத்து எல்லாம் இருக்கு.”

இதெல்லாம் தாளில் இருந்ததா? ஒரு சொல்லும் இல்லை. முதல் நாள் வாங்கிய பேச்சை மறந்து, என் வாயை முழங்கை ஆழத்துக்கு அதற்குள் விட்டேன்.

நாகேஸ்வரி சட்டைகளை மடித்து மறுபடி பொதிக்குள் வைத்தாள். வெளியே பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது.

“அப்ப தாய் தேப்பன் எண்டு ஆக்கள் வரப்போகினம்,” என்றாள். “கட்டாயம் குடுப்பம் எண்டால், ஆரோ பாத்து வைச்சிருக்கினம் போலை. அப்பிடிப் போற பிள்ளையை நான் இஞ்சை இழுத்துக்கொண்டு வந்து, ‘உவள் ஆற்றை பிள்ளை’ எண்டு ஊர் முழுக்கக் கேக்க விடுறதே? அது என்ரை ஆசைக்குச் செய்யிற வேலையெல்லோ.”

நான் தலையாட்டினேன். அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. அவள் அண்ணனோடு வீட்டில் சண்டை வராது என்பதும் எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

“முந்தி எங்கடை ஆக்கள் சுவீகாரம் எடுக்கேக்கை மஞ்சள் தண்ணி குடிக்கிறவையாம்,” என்றாள். “சொந்தக்காரர் அதுக்குள்ளை விரல் தோய்ச்சுக் குடுக்க வேணுமாம், எனக்குச் சம்மதம் எண்டு.”

“ஓம், எங்கடை தேசவழமைச் சட்டத்திலை இருக்கு.”

“அப்ப என்ரை விரலும் வேணும்தானே. எழுதுங்கோ.”

எனக்குச் சம்மதம், பிள்ளையைச் சுவீகாரம் கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவள் கையெழுத்து வைத்தாள். கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் சட்டைகளைக் கப்பல் பார்சலிலும் அனுப்பினோம். தபால் கந்தோர்ப் படியில் நின்று, “புதுத் தாய்க்குப் பிடிக்குதோ தெரியாது,” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

4. அந்தோனிப்பிள்ளை வந்தார்

நாலு மாதம் போய் அந்தோனிப்பிள்ளை விடுமுறையில் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறிப் புத்தூருக்கு வந்தார். உப்புத் தண்ணியில் ஊறிய ஒலிவ் காய் ஒரு தகரம் கொண்டுவந்திருந்தார். என் மனைவி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் குசினிக்குள் ஒளித்தாள். எனக்கோ என் கெட்டித்தனத்தைக் காட்ட அவசரம். கடிதத்தின் பிரதியையும் மொழிபெயர்ப்பையும் எடுத்துக் கொடுத்தேன்.

அவருக்கு இலக்கணம் ஒன்றும் தெரியாது. ஆனால் துருக்கித் துறைமுகங்களில் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசி, சண்டை பிடித்துப் பழகிய பாசை. உதட்டை அசைத்து மெல்ல மெல்ல வாசித்தார். பிறகு என் தாளை வாசித்தார். பிறகு மறுபடி கடிதத்தை.

“ஐயா, உரிமை கோருறதெண்டு இஞ்சை இல்லை,” என்றார். “சாஹிப்லென்மெக் எண்டால், என்னெண்டு சொல்லுறது, ‘இது எங்கடை’ எண்டு முன்னுக்கு நிக்கிறது. தெருவிலை நிக்கிற பிள்ளையைத் தூக்கி இடுப்பிலை வைக்கிறது மாதிரி. அந்த மனிசி கேட்டிருக்கிறா, நீங்களாவது இவளுக்கு ஆளாய் நிப்பியளோ எண்டு.”

“சரி. மற்றது?”

“மெஜ்பூர் எண்டது கட்டாயம்தான். ஆனால் கட்டாயம் குடுப்பம் எண்டில்லை. கட்டாயத்திலை குடுக்க வேண்டி வரும். வேறை வழியில்லாமல்.”

ஒரே சொல், தமிழில். கட்டாயம். எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம். நான் பிழையான பக்கத்துக்குத் திருப்பி வைத்திருந்தேன்.

“எவ்லாத்லிக் எண்டால் சுவீகாரம்தானே?” என்று கேட்டேன்.

“சட்டத்திலை எடுக்கிறதுக்கும் சொல்லுவினம். ஆனால் ஏழைச் சனம் எவ்லாத்லிக் குடுக்கிறம் எண்டால் அது வேறை ஐயா. பட்டணத்திலை வசதியான வீடுகள் இருக்குதெல்லே, அவை ஏழைப் பெட்டையளை எடுத்து வைச்சிருப்பினம். பிள்ளை எண்டுதான் சொல்லுவினம். கூட்டுறது, கழுவுறது, குழந்தையைத் தூக்கிறது எல்லாம் அதுதான். சம்பளம் இல்லை, பிள்ளையெல்லோ.”

அந்த நேரம் சாந்தி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். அவருக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒரு கோப்பை. வைத்துவிட்டுக் கதவோரத்தில் நின்றாள். அந்தோனிப்பிள்ளை நல்ல மனிதர், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. எனக்கு விளங்கட்டும் என்றுதான் சொன்னார்.

“இந்தா, உந்தப் பிள்ளை மாதிரி. எடுத்து வளக்கிறது எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுறவையெல்லே, அதுதான். எவ்லாத்லிக்குக்குச் சரியான தமிழ் அதுதான் ஐயா.”

இரண்டு நாளாக அகராதியில் தேடிய சொல் தேத்தண்ணியோடு என் முன்னாலேயே போய் வந்துகொண்டிருந்தது. நான் அதைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சீனி போடச் சொல்லியிருக்கிறேன்.

5. மறுபடி எழுதியது

நாகேஸ்வரியிடம் உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. முதலில் அந்த வாத்தியாருக்கு ஒரு கடிதம் எழுதினேன், பிழை என்னுடையது, பிள்ளையை நாங்கள் எடுக்கிறோம், கொடுத்துவிடாதீர்கள் என்று. அவள் பெயரில், அவளைக் கேட்காமலே எழுதினேன். நல்ல மறுமொழி வந்தால் அதோடு போய்ச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். கோழை என்று எழுதுவதற்கு எனக்கு அகராதி தேவையில்லை.

ஏழு கிழமைக்குப் பிறகு உடைந்த ஆங்கிலத்தில் மறுமொழி வந்தது. உங்கள் சம்மதம் கிடைத்த கிழமையே பிள்ளையை அனுப்பிவிட்டார்கள். கூட்டிக்கொண்டு போனவர்கள் உள்நாட்டுப் பட்டணம் ஒன்றுக்கு மாறிப் போய்விட்டார்கள். விலாசம் கேட்டு வைக்கவில்லை. சட்டைகள் பிள்ளை போன பிறகுதான் வந்தன. மஞ்சள் பூச் சட்டையைப் பெரியம்மாவின் கடைசி மகள் போடுகிறாள், அவளுக்குக் கொஞ்சம் இறுக்கம்.

அந்தக் கடிதத்தோடு நாகேஸ்வரி வீட்டுக்குப் போனேன். அவள் மெசினில் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், எழுதியதையும், எழுதிவிட்டு ஒளித்ததையும். அவள் காலை மிதிகட்டையில் இருந்து எடுக்கவில்லை. சில்லு மட்டும் நின்றது.

“நான் எடுக்கிறன் எண்டுதானே வந்தனான்,” என்றாள்.

“ஓம்.”

“உங்களைக் கேட்டனான், பேர் குடுப்பினமோ எண்டு.”

“ஓம்.”

பிறகு அவள் கேட்டது நான் எதிர்பாராதது. “உங்கடை வீட்டிலை ஒரு பிள்ளை நிக்குதெண்டு சொல்லுறவை. அதின்ரை தாய் தேப்பனுக்குத் தெரியுமோ, அது எப்பிடி நிக்குதெண்டு?”

அவள் சில்லைச் சுற்றினாள். நான் எழும்பி வந்துவிட்டேன்.

6. தோட்டம்

அடுத்த மாதம் சாந்தியைக் கூட்டிக்கொண்டு மலைநாட்டுக்குப் போனேன். “உன்ரை அம்மா அப்பாவிட்டை விடப்போறன்,” என்று சொன்னேன். இரயிலில் வழி முழுக்க அவள் தன் துணிப் பையை மடியில் வைத்திருந்தாள். தேயிலை கண்ணில் பட்டவுடன் யன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

தொழிலாளர் லயத்தில் அவளுடைய தாய் தகப்பன் இருந்த காம்பிரா அறையில் வேறு சனம் இருந்தது. பக்கத்துக் காம்பிராவிலிருந்து ஒரு பெண் வந்து சாந்தியின் முகத்தைத் தடவினாள்.

“மாரியாயியா இது? அவங்க இந்தியாவுக்குக் கப்பலேறி மூணு மாசமாச்சுங்க.”

“பிள்ளையை விட்டிட்டோ?”

“ஐயா எழுதின காயிதத்த அவங்கப்பா எல்லாருக்கும் காட்டுவாருங்க. முத்திரையெல்லாம் போட்டு, வளர்ப்பு மகள்னு எழுதியிருக்குன்னு. இந்தியாவுக்குப் போகப் பதியிறப்ப அவ பேர மட்டும் போடல. நமக்கு அந்தக் கரையில என்ன இருக்குன்னு தெரியல, அவளாவது அந்த வீட்டுப் புள்ளையா நல்லா இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனாருங்க.”

நாகேஸ்வரி கையெழுத்து வைத்தபோது சொன்னதும் இதைத்தான். அங்கே என் வாயை நம்பினார்கள், இங்கே என் முத்திரையை. அவர்கள் இந்தியாவில் எந்த ஊருக்குப் போனார்கள் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. தோட்டக் கந்தோரில் கேட்டேன். அங்கும் தெரியவில்லை.

சாந்தி பழைய காம்பிராக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவில் கரியால் கீறிய ஒரு கோடு இருந்தது, யாரோ பிள்ளையின் உயரம் அளந்தது போல. இருட்டுவதற்கு முன் பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றேன்.

“நான் திரும்ப ஐயா வீட்டுக்குத்தான் வரணுமா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

7. இதைப் படிக்கிற மொழிபெயர்ப்பாளருக்கு

வீட்டுக்கு வந்து செய்தவற்றைப் பெரிதாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குசினி ஓரத்தில் கிடந்த பாயை எடுத்துவிட்டு அறைக்குள் கட்டில் போட்டோம். அவள் இரண்டு கிழமை கட்டிலுக்குக் கீழே நிலத்தில் படுத்தாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில்தான் இடம் தந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்கால் இடிக்க இருந்துவிட்டு, ஒரு தவணையோடு வேண்டாம் என்றாள். தையல் பழகப் போகிறேன் என்றாள். நாகேஸ்வரியிடம் போய்க் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், “அனுப்புங்கோ,” என்றாள். கொஞ்ச வருடத்தில் சாந்தி அங்கேயே தங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு சுவீகாரம், தத்து, வளர்ப்பு, எடுத்து வளர்த்தல் என்று எந்தப் பத்திரம் வந்தாலும் அகராதியை எடுக்குமுன் இரண்டு கேள்வி கேட்பேன். பிள்ளை எங்கே படுக்கிறது? யாரோடு இருந்து சாப்பிடுகிறது? சிலர் கோபித்துக்கொண்டு வேறு கந்தோருக்குப் போயிருக்கிறார்கள். போகட்டும். இந்த நாலு சொல்லும் தமிழில் ஒன்றல்ல, துருக்கியிலும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் ஒன்றாகக் கிடக்கிறது என்பதற்காக ஒன்றாக எழுதாதீர்கள். தெரியாத பாசையைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். மானம் போகாது, போனாலும் பரவாயில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சாந்திக்குக் கலியாணப் பதிவு. மாப்பிள்ளை பருத்தித்துறையில் தையல்கடை வைத்திருந்த பெடியன். சாட்சிக்கு நாகேஸ்வரியையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். என்னை ஏன் கூப்பிட்டாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பதிவாளர் பேனாவைத் திறந்தார்.

“பேர்?”

“மாரியாயி,” என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. தகப்பன் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அந்தப் பெயரை நான் தோட்டத்துக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு வாயால் சொன்னதேயில்லை.

பதிவாளர் சாட்சிகளைப் பார்த்தார். “இவை உமக்கு என்ன முறை?”

நாகேஸ்வரியைக் காட்டி, “தையல் பழக்கின அக்கா,” என்றாள்.

“இந்த ஐயா?” என்று பதிவாளர் என்னைக் காட்டினார்.

கூப்பன் கடிதத்தில் நான் எழுதிய இரண்டு சொல்லும் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. வாயைத் திறக்கவில்லை. அவள் கோபமும் இல்லாமல், அன்பும் இல்லாமல், கேட்டதற்கு மறுமொழி சொன்னாள்.

“நான் வேலைக்கு நிண்ட வீட்டு ஐயா.”

அதில் மாற்ற ஒரு சொல்லும் எனக்கு இருக்கவில்லை. பதிவாளர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.